முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு

காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தால் விலை குறையும், அசலாகக் கிடைக்கும், இடைத்தரகர் இருக்க மாட்டார். எல்லோரும் இந்த மூன்றையும் நம்பித்தான் கிளம்புகிறோம். மூன்றும் நடக்கும், ஆனால் தானாக நடக்காது. என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நீங்களும் அப்படி அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. நாள் குறித்ததும் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முகூர்த்தத் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ரவிக்கையில் ஆரி வேலை வேண்டுமென்றால் தையற்காரருக்கு மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டும். முகூர்த்த மாதமாக இருந்தால் அதற்கு மேலும் கேட்பார்கள். அளவு சரிபார்த்துத் திருத்த ஒரு வாரம். முந்தானைக்குக் குச்சு கட்ட, ஃபால்ஸ் வைக்கச் சில நாட்கள். ஆக, கடையில் தொங்கும் புடவையை எடுப்பதாக இருந்தாலும் இரண்டு மாதம் முன்பே போய்விட வேண்டும்.

நீங்கள் கேட்கும் நிறத்தில் நெய்து தரச் சொல்வதென்றால் கணக்கு வேறு. சாயம் போட்டு, பாவு (நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஓட்டி, தறியில் ஏற்றி, நெய்து இறக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். புட்டா நிறைந்த வேலைப்பாடு என்றால் இன்னும் கூடும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவை நெய்வார்கள். ஒரே ஒரு புடவைக்காகப் புதிய நிறத்தில் பாவு ஓட்டச் சொன்னால் கூடுதல் விலை கேட்பார்கள், அல்லது முடியாது என்பார்கள். அக்கா தங்கை, நாத்தனார் எல்லோரும் ஒரே நிறத்தில் வேறு வேறு கரையோடு எடுப்பதாக இருந்தால் இதையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

ஆடி மாதம் போவது நல்லது. முகூர்த்தம் கிடையாது, தள்ளுபடி இருக்கும், கடைக்காரர் நிதானமாகப் பிரித்துக் காட்டுவார். ஆனால் ஆடிக் கடைசியில் எடுத்து ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கட்ட நினைத்தால் தையற்காரர் கையை விரித்துவிடுவார். ஆடி பிறந்ததுமே போங்கள். எந்த மாதமானாலும் சனி, ஞாயிறு வேண்டாம்.

2. நிறத்துக்கு முன்னால் ஜரிகையை முடிவு செய்யுங்கள்

நம் எல்லோருக்கும் மனதில் முதலில் நிற்பது நிறம்தான். வாடாமல்லியா, அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று ஒரு மாதம் பேசிவிட்டு, ஜரிகை பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஏறுகிறோம். விலையை நிர்ணயிப்பது ஜரிகை. ஏமாற்றம் நடப்பதும் ஜரிகையில்தான்.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி மெல்லிய வெள்ளி இழையை ஓட்டி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. ஹாஃப் ஃபைன், டெஸ்டட் என்ற பெயர்களில் விற்பது செம்பு இழை, மேலே வெள்ளிப் பூச்சு. மூன்றாவது, பாலியெஸ்டர் இழையில் உலோக நிறம் ஏற்றிய பிளாஸ்டிக் ஜரிகை. அசல் ஜரிகைக்குள்ளேயே வெள்ளியின் அளவு கூடும் குறையும். எனவே “அசல்” என்று சொன்னதும் “வெள்ளி எத்தனை சதவீதம்?” என்று கேளுங்கள். உண்மையாக விற்பவர் யோசிக்காமல் எண்ணைச் சொல்வார்.

ஹாஃப் ஃபைனை நான் மட்டமாகச் சொல்லவில்லை. வரவேற்புக்கு ஒரு நாள் கட்டி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் புடவைக்கு அது போதும். ஹாஃப் ஃபைனை அசல் விலைக்கு வாங்குவதுதான் தப்பு. முகூர்த்தப் புடவை மட்டும் அசல், மற்றவை ஹாஃப் ஃபைன் என்று பிரித்தால் பட்ஜெட் மூச்சு விடும்.

நாங்கள் சுற்றிப் பார்த்தபோது, ஹாஃப் ஃபைன் ஜரிகையில் கையால் நெய்த கோர்வைப் புடவை (உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து பின்னியது) 8,000 முதல் 15,000 ரூபாய் வரை இருந்தது. அசல் ஜரிகையில் சின்னக் கரை வைத்தது 15,000 முதல் 25,000 வரை. உடல் முழுக்க வேலைப்பாடும் அகன்ற கரையும் உள்ள முகூர்த்தப் புடவை 35,000-இல் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போனது. வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும், போகும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது

சுருக்கமாக மூன்று கேள்வி. முகூர்த்தத்துக்கு ஆறு கஜமா, ஒன்பது கஜமா? மடிசார் கட்டும் வீடென்றால் ஒன்பது கஜத்தில் தேர்வு குறைவு, முன்பே சொல்லி வைக்க வேண்டும். கறுப்பு இழை ஓடினால் ஒப்புக்கொள்வார்களா? கருநீலத்தைக்கூட மறுக்கும் வீடுகள் உண்டு. ஊடையில் (குறுக்கு இழையில்) கறுப்பு ஓடும் இரட்டை நிறப் புடவையைக் கடை விளக்கில் கண்டுபிடிப்பது கஷ்டம். கடைசியாக, கூறைப் புடவை யார் எடுக்க வேண்டும், பெண் வீடா மாப்பிள்ளை வீடா? மாப்பிள்ளை வீடு என்றால் சம்பந்தியம்மாவும் வண்டியில் வர வேண்டும். அப்போது விலையைப் பற்றி உள்ளே பேசிக்கொள்ள முடியாது. பேச வேண்டியதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

4. பணமும் காகிதமும்

- பான் அட்டை. பில் தொகை பெரிதானால் கேட்பார்கள். யார் பெயரில் பில் போட வேண்டுமோ அவருடையது வேண்டும்.
- 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. “கேஷா கொடுத்தா குறைச்சுக்கலாம், பில்லைப் பிரிச்சுப் போட்டுக்கலாம்” என்று சொன்னால் அந்தக் கடையில் வேண்டாம். பில்லில் விளையாடுகிறவர் ஜரிகையில் விளையாட மாட்டாரா?
- யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் போகும். அட்டையின் வரம்பை முந்தைய நாளே வங்கிச் செயலியில் உயர்த்தி வையுங்கள். அட்டைக்கு இரண்டு சதவீதம் கூடுதல் கேட்கும் கடைகள் உண்டு. விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.
- தேர்தல் அறிவித்திருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போக ஆவணம் வேண்டும். பறக்கும் படை வழியில் நிறுத்தும். வங்கியில் எடுத்த சீட்டும் கல்யாணப் பத்திரிகையும் கையில் இருக்கட்டும்.
- பட்டுப் புடவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 60,000 ரூபாய்ப் புடவைக்கு 3,000. சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கேளுங்கள்.

5. போகும் வழியும் போட்டுக்கொள்வதும்

சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் தூரம். பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்ப் பொன்னேரிக்கரையில் திரும்ப வேண்டும். காலை ஏழரைக்கு மேல் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைப் பேருந்துகளோடு நீங்களும் நிற்பீர்கள். ஆறு மணிக்குப் புறப்படுங்கள். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாக மின்சார ரயிலும் உண்டு. மலிவு, ஆனால் நேரமாகும், வண்டிகளும் குறைவு. திரும்பும்போது புடவைப் பைகளோடு ரயிலேறுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

உடை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புடவை எடுக்கப் போகும் பெண் சுடிதாரில் வேண்டாம், கழுத்துச் சரியாக நிற்கும் ஒற்றை நிற ரவிக்கையும் லேசான பருத்திப் புடவையும் கட்டி வரட்டும். தோளில் பட்டைப் போட்டுப் பார்க்கும்போது கரை எங்கே விழுகிறது, கொசுவம் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பது அப்போதுதான் தெரியும். அன்று போடப்போகும் நகையில் ஒன்றையாவது எடுத்து வாருங்கள். பழங்கால நகையின் மங்கிய பொன்னிறத்துக்கும் புது நகையின் பளபளப்புக்கும் ஜரிகை வேறு வேறு மாதிரி இசையும். பெரும்பாலான கடைகளில் விரிப்பில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு நாற்காலி கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

6. முதலில் இட்லி, பிறகு கடை

எட்டு மணிக்குள் ஊரை எட்டிவிட்டால் நேரே வரதராஜப் பெருமாள் கோயில். கடைகள் சூடு பிடிக்கப் பத்து, பத்தரை ஆகும். கோயில் நடையோ நண்பகலில் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பிரசாதக் கடையில் கோயில் இட்லி கேளுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மாவை ஊற்றி, நீண்ட நேரம் ஆவியில் வேகவைத்து வட்டமாக அறுத்துத் தருவது. ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மல்லிகைப்பூ இட்லியை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். இது கனமானது, கொரகொரப்பானது, சுக்குக் காரம் தொண்டையில் நிற்கும். பத்து மணிக்குமேல் தீர்ந்து போயிருக்கவும் கூடும். உணவகங்களில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று டம்ளரில் ஊற்றி முந்திரி போட்டுத் தருவது வேறு சங்கதி. அதுவும் சாப்பிடலாம், அவ்வளவுதான். சாப்பிட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நெய்க் கையோடு பட்டைத் தொட்டால் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், கறைபட்ட புடவையை நீங்களே எடுக்கும்படி ஆகிவிடும்.

அங்கேயே நூற்றுக்கால் மண்டபத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தூண்களில் யாளி, அன்னம், கொடி எல்லாம் இருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டுக் கடையில் யாளிக் கரையை விரித்தால், எது அளவோடு வரைந்த யாளி, எது கணினியில் இழுத்து நீட்டிய யாளி என்று கண் தானாகச் சொல்லும்.

7. யாரோடும் போகாதீர்கள்

ஊருக்குள் நுழைந்ததுமே பைக்கில் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் வருவார். “சொசைட்டிக்கா? இந்தப் பக்கம் வாங்க, நேரா தறியிலயே காட்டுறேன்.” கோயில் வாசலில், ஆட்டோவில், வண்டி நிறுத்துமிடத்தில் இதே பேச்சு. அவருடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். கண்ணாடியை இறக்காமல் போய்க்கொண்டே இருங்கள். நீங்களே நடந்து போய்க் கடை ஏறினாலும், பின்னாலேயே வந்து “நான்தான் கூட்டி வந்தேன்” என்று கடைக்காரரிடம் கை காட்டுவார்கள். “நாங்களாத்தான் வந்தோம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காந்தி ரோட்டில் தனியார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கூட்டுறவு வழியில் எடுக்க நினைத்தால் அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன் போன்ற பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, கோ-ஆப்டெக்ஸ் உண்டு. சங்கங்களில் பேரம் கிடையாது, அறிவித்த தள்ளுபடிதான். ஜரிகை விவரம் கேட்டால் சொல்வார்கள். குறை என்னவென்றால் புது மோஸ்தர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், விற்பனையாளர் பத்துப் புடவைக்கு மேல் பிரித்துக் காட்டச் சலித்துக்கொள்வார். தனியார் கடையில் நூறு புடவை பிரிப்பார்கள், காபி வரும், விலை மட்டும் ஆளுக்கேற்ப மாறும். சங்கத்தின் பெயரை ஒத்த பெயரில் தனியார் பலகைகளும் தொங்குகின்றன. சங்கமா என்பதைப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பில் புத்தகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் யோசனை: முதலில் சங்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜரிகைக்கும் விலைக்கும் ஒரு மட்டம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தனியார் கடை.

8. புடவையைப் புரட்டுங்கள்

எல்லோரும் முந்தானையைப் பார்த்து மயங்குகிறோம். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கோர்வை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து, சேரும் இடத்தில் இழைகளைப் பின்னுவது. அந்த இடத்தில் பல் பல்லாக, மெல்லிய ரம்பம்போல் ஒரு கோடு இருக்கும். பச்சை உடலுக்கு அரக்குக் கரை என்றால், கோர்வையில் அரக்கு முழு அரக்காக இருக்கும். கோர்வை இல்லாத புடவையில் உடலின் பச்சை ஊடை கரைக்குள்ளும் ஓடுவதால், சாய்த்துப் பார்த்தால் அரக்குக்குள் பச்சை எட்டிப் பார்க்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஜன்னலோரம் போனால் போதும்.

முந்தானை வேறு நிறமாக இருந்தால், உடலும் முந்தானையும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். பாவு இழைகளை மாற்றி இணைக்கும் பிட்னி வேலை செய்திருந்தால் அங்கே ஒரு பட்டை சற்றுத் தடிப்பாக, இரண்டு நிறமும் கலந்து இருக்கும். கையால் செய்த வேலைக்கு அதுவே அடையாளம், குறை என்று நினைத்து ஒதுக்காதீர்கள்.

பட்டுக்குச் சோதனை: முந்தானை நுனியில் தொங்கும் இழை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பற்றவையுங்கள். பட்டு, முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். நல்ல கடைக்காரர் தானே தீப்பெட்டி எடுப்பார்.

ஜரிகைக்கு: ஓர் இழையின் மேல் சுற்றை நகத்தால் பிரித்து உள்ளே இருக்கும் நூலைப் பாருங்கள். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூல் இருக்கும் என்பது பழைய அடையாளம். இப்போது போலி ஜரிகைக்கும் சிவப்பு நூல் வைக்கிறார்கள், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். தங்கம் சோதிப்பதுபோல் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் ஜரிகையையும் சோதிக்கலாம். புடவைக்குச் சேதமில்லாமல் வெள்ளி, செம்பு, தங்கம் எவ்வளவு என்று சதவீதம் காட்டிவிடும். பெரிய தொகைக்கு எடுக்கும்போது சோதனைச் சீட்டு கேட்பதில் வெட்கமே வேண்டாம். எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது: கைபேசியில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். பிளாஸ்டிக் ஜரிகை மஞ்சளாகக் கூசும். அசல் அடங்கி மின்னும். மேடை விளக்கிலும் அப்படித்தான் தெரியப்போகிறது.

எடையை மட்டும் வைத்துத் தரம் சொல்லாதீர்கள். செம்பும் கனக்கும்.

நிறத்தை வாசலுக்குக் கொண்டு போய் வெயிலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மயில் கழுத்து நிறம் உள்ளே நீலமாகவும் வெளியே பச்சையாகவும் தெரியும், கல்யாண மண்டபத்தில் மூன்றாவது ஒரு நிறமாகவும் தெரியலாம். உயரம் குறைந்த பெண்ணுக்கு ஒரு முழ அகலக் கரை வேண்டாம் என்பது என் கட்சி. இடுப்புக்கும் கரைக்கும் நடுவே உடல் நிறம் தெரிய இடமே இருக்காது. ரெட்டைப்பேட்டுக் கரை, வைர ஊசி உடல், பாலும் பழமும் கட்டம் என்று பழைய வகைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் மேல் அடுக்கிலிருந்து எடுப்பார்கள்.

9. வாயால் சொன்னதெல்லாம் பில்லில் வர வேண்டும்

நாங்கள் ஏறிய ஒரு கடையில் நடந்த பேச்சு இது.

“ப்யூர்தாங்க்கா, கண்ணை மூடிட்டு எடுங்க.”

“எது ப்யூர், பட்டா ஜரிகையா?”

“சில்க் மார்க் இருக்குக்கா.”

“அது பட்டுக்கு. ஜரிகை?”

“…ஜரிகை ஹாஃப் ஃபைன்.”

அதுவரை அசல் ஜரிகை விலை சொல்லிக்கொண்டிருந்தார். கோபப்பட்டுப் பயனில்லை. அவர் பொய் எதுவும் சொல்லவில்லை, நாம் கேட்காத வரையில் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான்.

சில்க் மார்க் அட்டை, மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு. ஹாலோகிராமும் எண்ணும் இருக்கும். அது உறுதி சொல்வது ஒன்றைத்தான்: இழை இயற்கைப் பட்டு. ஜரிகையைப் பற்றியோ, கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றியோ, காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதைப் பற்றியோ அது பேசாது. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது இங்கே சகஜம்.

பணம் கொடுக்கும் முன் பில்லில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்: பட்டு தூயது, ஜரிகை வகையும் வெள்ளி சதவீதமும், கைத்தறி, புடவையின் எடை, சில்க் மார்க் எண், கடையின் ஜிஎஸ்டி எண். ‘சில்க் சாரி - 1’ என்று மட்டும் இருக்கும் பில் எதற்கும் உதவாது. “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்” என்பார்கள். பேனாவால் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் புடவையை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள், எத்தனை அழகாக இருந்தாலும். பின்னாளில் பழைய ஜரிகைக்கு விற்கப் போகும்போதும் இந்தக் காகிதம்தான் பேசும்.

பில் போட்ட பிறகு, பைக்குள் போவது நீங்கள் எடுத்த அதே புடவைதானா என்று பிரித்துப் பாருங்கள். மடிப்பு நடுவில் இழை விட்டிருக்கிறதா, சாயம் திட்டாக இருக்கிறதா என்று முழு நீளமும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

ரவிக்கைத் துணியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். கட்டப்போகிறவர் உயரமாகவோ பூசினாற்போலவோ இருந்தால் அந்த முக்கால் மீட்டர் கொசுவத்துக்குத் தேவைப்படும். முதலில் முழுப் புடவையையும் கட்டிப் பாருங்கள், போதுமென்றால் வெட்டலாம். ரவிக்கைத் துண்டில் கரை ஓடினால், அது கைக்கு வர வேண்டும் என்று தையற்காரரிடம் எழுதியே கொடுங்கள்.

செலவில் இதையும் சேருங்கள்: லைனிங் வைத்த சாதா ரவிக்கை 500 முதல் 1,500 ரூபாய், ஆரி வேலை 3,000-க்கு மேல், குச்சு கட்ட 200 முதல் 1,000. பத்துப் புடவை எடுத்த வீட்டில் இதுவே இன்னொரு புடவை விலைக்கு வந்து நிற்கும்.

கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். ரச கற்பூர உருண்டை ஜரிகையில் படக் கூடாது, சென்ட் அடித்தால் வெள்ளி கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். மடித்த கோட்டில்தான் இழை விடும். பில், சில்க் மார்க் அட்டை, சோதனைச் சீட்டு மூன்றையும் படம் எடுத்துவிட்டு, அசலை நகை ரசீதுகளோடு வையுங்கள். புடவையோடு வைத்தால் ஒருநாள் அதுவும் சலவைக்குப் போய்விடும்.